இரண்டாவது கட்டம்

இலவசம் என்று போட்டாலே அதற்குப் பின்னால் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இல்லாவிட்டால் எதற்கு இத்தனை மஞ்சள் நிறம், இத்தனை பெரிய எழுத்து... 'வாரிசு வரி: இருக்கும்போதே திட்டமிடுங்கள், சனிக்கிழமை பத்து மணி, தெருச் சங்கக் கூடம், கட்டணம் இல்லை, தேநீர் உண்டு'. கிக்குயே அந்தத் தாளை நாலாவது முறையாகப் படித்தாள், சங்கத்தின் அறிவிப்புகள் செருகிய சுற்றுப் பலகையை மடியிலிருந்து இறக்கவில்லை. பலகை வீடு வீடாகப் போவது, படித்ததும் கையெழுத்துக்குப் பதில் வீட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும், நேற்றே ஓசெக்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. அவள் வீட்டு முத்திரை குத்தியாகிவிட்டது, மை காய்ந்தும்விட்டது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் மட்டும் நிரப்பிச் செருக வேண்டிய சின்னச் சீட்டுதான் கையில் நிற்கிறது. முதல் கட்டத்தில் பெயர், அது சுலபம். இரண்டாவது கட்டத்தில்: 'வாரிசுகள் எத்தனை பேர்? பெயரும் வயதும் எழுதவும்.' எத்தனை பேர்? எழுபத்தெட்டு வயதில் ஒருத்திக்குத் தான் பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று தெரியாதா என்ன?

ஒன்று என்று எழுதலாம், இரண்டு என்றும் எழுதலாம். ஒன்று என்றால் மகன் மசாரு செத்துவிட்டான் என்று அர்த்தம். இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும், மகன் எங்கே இருக்கிறார் அம்மா, தொலைபேசி எண் கொடுங்கள்... இந்த இனாகி ஊரில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் விற்றுவிட்டு அடுக்குமாடியில் உட்கார்ந்துவிட்டார்கள், இவளுடையது இன்னும் மரமாகவே நிற்கிறது, ரயில் நிலையத்துக்கு ஏழு நிமிட நடை, அதனால்தான் விலை, அதனால்தான் வரி. நிலம் அவள் அப்பா வழி வந்தது, கணவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர், ஆறு வருஷத்துக்கு முன் அவர் போனபோது அவர் பேரில் பெரிதாக எதுவும் இல்லை, யாரும் வந்து எத்தனை பேர் என்று கேட்கவும் இல்லை. சாகும் விஷயத்தில்கூட அவர் கொடுத்து வைத்தவர். ஆனால் மகள் நொபுகோ விடுகிறாளா? காலையில்கூட கவசாக்கியிலிருந்து போன் செய்து ஒரு மூச்சு கத்தினாள். "அம்மா, அண்ணன் பேர் இருந்தா வரி குறையும், ஆனா அவன் முத்திரை இல்லாம ஒரு மரத்தைக்கூடப் பிரிக்க முடியாது. இருந்தாலும் தொல்லை, இல்லாட்டியும் தொல்லை. சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தானே?" என்று சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆள் காணாமப் போய் ஏழு வருஷம் ஆனாலே செத்துட்டதா கோர்ட்டுல மனு போடலாமாம். இப்ப இருபத்திரண்டு ஆச்சு. நீ போடலேன்னா உனக்கப்புறம் நான்தான் போய் எங்க அண்ணன் செத்துட்டான்னு சொல்லணும். அதை என் தலையில கட்டாதேம்மா." கட்டாதே என்கிறாள்... வேறு யார் தலையில் கட்டுவது?

மசாரு போனது பேரிப்பூவுக்குக் கையால் மகரந்தம் ஒற்றும் நாட்களில், மூன்று நாளில் எல்லாப் பூவையும் முடிக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்கொருவர் பேசக்கூட நேரம் கிடையாது, அவன் நீல மேல்சட்டையில் ஏணி மேல் நின்றிருந்தான், கையில் இறகுக் குச்சி. பத்து மணித் தேநீருக்குக் கூப்பிட்டாள், ஏணி மட்டும் நின்றது. சண்டை இல்லை, கடன் இல்லை, காதலும் இல்லை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார், அப்போ எதுக்குத்தான் போனார் என்று இவளிடமே கேட்டார். அதற்கப்புறம் வீடு முழுக்க அவன்தான். இருந்தபோது இருக்கிற இடம் தெரியாத பையன், போன பிறகு மாடிப்படியில் கால் வைக்கிறான், குளியலறையில் தண்ணீர் மொள்கிறான், இவள் அரிசி களைந்துகொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறான், திரும்பினால்... திரும்பக்கூடாது என்று எந்த வருஷம் கற்றுக்கொண்டாள்? வாசல் பூட்டை மாற்றவில்லை, போன் எண்ணை மாற்றவில்லை. ஒரு தடவை மணி அடித்தது, எடுத்தாள், மூச்சு மட்டும் கேட்டது, "சாப்பிட்டியா?" என்றாள், வைத்துவிட்டார்கள். அந்த மூச்சு அவனுடையதுதானா? தவறான எண்ணுக்கு அடித்த யாரோ ஒருவரிடமா சாப்பிட்டியா என்று கேட்டாள்?

"கிக்குயே அக்கா! பலகை உங்க வீட்டுலதானே தூங்குது?" ஓசெக்கி அம்மா கதவைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம், மணி அடிக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை. "கூட்டத்துக்கு வாங்கக்கா, நானும் வர்றேன். போன வருஷம் வங்கிக்காரங்க நடத்துனாங்களே, பயறு இனிப்பு கொடுத்தாங்க. வரி ஒண்ணும் புரியலை, இனிப்பு நல்லாப் புரிஞ்சுது." வாசற்படியிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "என் வீட்டுல மூணு தடிப்பயலுக, நான் கண்ணை மூடறதுக்குள்ள அடிச்சுக்குவானுங்க. உங்களுக்கு என்னக்கா குறை? ஒரே பொண்ணு. சீட்டுல ஒண்ணுன்னு எழுதி வீசுங்க, போவோம்."

ஒரே பொண்ணு. பதினெட்டு வருஷமாக ஓசெக்கி இப்படித்தான் சொல்கிறாள், பதினெட்டு வருஷமாக இவள் தேநீர் ஊற்றிக்கொண்டே தலையாட்டியிருக்கிறாள், யாரிடமும் போய் அவன் செத்துவிட்டான் என்று இவள் சொன்னதில்லை, சொல்லவே தேவைப்படவில்லை, தலையாட்டினால் போதுமாக இருந்திருக்கிறது. கோர்ட்டுக்குப் போகாமலே எத்தனை தடவை... கிக்குயே பேனாவை எடுத்தாள். இரண்டு என்று எழுதினாள். ஓசெக்கி எட்டிப் பார்த்தாள், வாய் திறந்தது, பிறகு என்ன நினைத்தாளோ, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் நேராக்கத் தொடங்கினாள். போவேன், சனிக்கிழமை போவேன், கேட்கட்டும், எங்கே என்று கேட்கட்டும், தெரியாது என்று சொல்வேன், தெரியாது என்பதும் ஒரு பதில்தானே. மசாரு என்று எழுதினாள். பக்கத்தில் வயது, பேனா தானாகவே எழுதிவிட்டது, இருபத்தொன்பது. கீழே நொபுகோ, நாற்பத்தொன்பது.

அண்ணனுக்கு இருபத்தொன்பது, தங்கைக்கு நாற்பத்தொன்பது. கிக்குயே இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நொபுகோவைவிட அவன் இரண்டு வயது பெரியவன். அப்படியானால்... ஐம்பத்தொன்று. தலை நரைத்திருக்கும், அவன் அப்பாவுக்கு நாற்பதிலேயே நரைத்தது, முன்பக்கம் கொட்டியிருக்கும், கண்ணாடி போட்டிருப்பானோ என்னவோ. ரயில் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் அவள் இளைஞர்களின் முகத்தைத்தானே பார்த்திருக்கிறாள், நீல மேல்சட்டை, மெலிந்த தோள், ஒவ்வொருவனையும் விடாமல், இருபத்திரண்டு வருஷமாக. ஐம்பது வயது ஆண்களை அவள் பார்த்ததே இல்லை, அவர்கள் யாரோ எவரோ. போன செப்டம்பரில் சாலையோரம் பழம் விற்றபோது ஒருவர் வந்து நின்றார், தொப்பி, நரைத்த தாடி, பழத்தை எடுத்துப் பார்த்தார், வைத்தார், வேறு ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார், இவள் பின்னால் நின்ற பெண்ணுக்குப் பை கட்டிக்கொடுக்கத் திரும்பிவிட்டாள்...

"அக்கா, வயசுல என்ன யோசனை?" என்றாள் ஓசெக்கி மெதுவாக.

அந்த ஆளின் முகம் எப்படி இருந்தது?