செலின் கையில் இறக்கை

…செலினின் உள்ளங்கையில் கிடக்கிறது அந்த ஒற்றை இறக்கை, பழுப்பேறிய வெள்ளை நூலில் தைத்த துணிப் பேட்ஜ், அடியில் ஒரு வளையம், வளையமில்லை அது, ஆங்கில ஓ எழுத்து, அப்சர்வருக்கான ஓ, உலகப்போர் காலத்தில் விமானத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்து வழி சொன்னவன் சட்டையின் இடது பைக்கு மேலே தைத்துக்கொண்டது, ஓட்டியவனுக்கு இரண்டு இறக்கை, கூடப் போனவனுக்கு ஒன்று, இதையெல்லாம் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தெரிந்து வைத்திருப்பவள் அமலோற்பவம், கிடைத்திருப்பதோ தங்கை செலினுக்கு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் பழைய குழாய்களுக்கும் நடுவிலிருந்து, வெங்காயம் பொறுக்குவதைப்போலக் குனிந்து எடுத்துவிட்டு, அக்கா இதப் பாரேன் என்று நீட்டுகிறாள், அமலோற்பவத்துக்கு வயிறு பற்றி எரிகிறது.

செலினுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் தாங்க முடியவில்லை, பேட்ஜில் கிரீடம் உருண்டையாக இருந்தால் ராஜா காலம், நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணி காலம் என்று எத்தனை முறை சொன்னாலும் அப்படியாக்கா என்று கேட்டுவிட்டு மறந்துபோகிறவள், புதிதாகத் தைத்து டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசென்று விற்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் புது நூல் பளிச்சென்று மின்னும், பழைய நூல் செத்ததுபோலக் கிடக்கும், அதற்காக அமலோற்பவம் நடுச்சந்தையில் தலையோடு முந்தானையைப் போர்த்திக்கொண்டு டார்ச் அடிப்பாள், பார்க்கிறவர்கள் அம்மாவுக்கு மயக்கமா என்று தண்ணீர் கொண்டு வருவார்கள், செலின் சும்மா வருகிறாள், அக்கா தனியாகப் போகவேண்டாமே என்று வருகிறாள், கிடைத்ததையெல்லாம் வீட்டில் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், டப்பாவில் இருப்பதெல்லாம் அசல், அமலோற்பவம் கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் விரித்துக் குத்தி வைத்திருப்பதில் பாதி போலி, தனக்கென்று பார்க்கும்போது ஆசை கண்ணை மறைத்துவிடும், தங்கை கையில் இருக்கும்போதுதான் ஒவ்வொரு தையலும் தெளிவாகத் தெரியும், பாழாய்ப்போன கண்.

எல்லாம் அப்பா ஆரம்பித்து வைத்தது, தாம்பரத்தில் விமானப்படை ஆபீசர் மெஸ்ஸில் சமைத்தவர், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் சட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்த இரட்டை இறக்கை அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடந்தது, அமலோற்பவம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள், பெரிய பொண்ணு உனக்கெதுக்கு என்றார், செலின் அம்மை வார்த்து எழுந்த அன்று அவர் பெட்டியைத் திறந்து அதை எடுத்து அவள் கவுனில் ஊக்கால் குத்திவிட்டார், கேட்காமலே, செலின் அதை ஒரே வாரத்தில் தொலைத்துவிட்டாள், அழக்கூட இல்லை, அமலோற்பவம்தான் மூன்று தெரு தேடினாள், இன்னமும் தேடுகிறாள், பரங்கிமலைப் படிக்கட்டின் மேலே செலின் அந்தக் கவுனோடு பறக்கிறாள், காற்றில் கவுன் உப்புகிறது, எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், அமலோற்பவம் தங்கையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி ஓடுகிறாள், மூச்சு வாங்குகிறது, விழித்துப் பார்த்தால் ரிட்டயரான ஜுவாலஜி டீச்சர், பக்கத்துக் கட்டிலில் விதவைத் தங்கை சுகமாகத் தூங்குகிறாள், கனவில்கூடச் செருப்பு தூக்கும் வேலைதானா எனக்கு, இவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், ஒரே ஒரு முறை இவள் முகம் சுருங்கி நான் பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை.

அந்த ஒற்றை இறக்கையை வாங்கிக்கொண்டு வந்த சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டாள், எப்படிடீ உன் கையில மட்டும் நல்லதா வந்து மாட்டுது, செலின் டீயை ஊதிக்கொண்டே சிரித்தாள், நான் எங்க அதப் பாக்கறேன்க்கா, உன் மூஞ்சியத்தான் பாக்கறேன், எதையாவது எடுத்து உங்கிட்ட காட்டுவேன், போலின்னா நல்லாருக்கு வாங்கிக்கடின்னு ஆசையா சொல்லுவ, அசல்னா புளிய முழுங்கின மாதிரி ஆயிடும் உனக்கு, சின்ன வயசுலேருந்தே பாக்கறேனே, உனக்குத் தெரியாதா. சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறது என்பதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தாள், இத்தனை வருஷம் தான் எரிந்த எரிச்சலில்தான் இவள் டப்பா நிறைந்திருக்கிறது.

அதன்பின் அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழக்கினாள், மனசுக்குள் செலினின் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே உதட்டில் சிரிப்பை நிறுத்தி வைப்பாள், சிரிப்பு ஒரு பக்கமாக இழுக்கும், மறுபடி நிறுத்துவாள், சந்தைக்கு மேல் சந்தையாகப் போய்க்கொண்டே இருந்தது, ஒருநாள் வெயிலில் செலின் ஓர் அழுக்குத் துணியை உதறி நீட்டுகிறாள், இரண்டு இறக்கை, உருண்டைக் கிரீடம், நடுவில் பின்னிக் கிடக்கும் நான்கு எழுத்து, ராயல் இந்தியன் ஏர்ஃபோர்ஸ், சுதந்திரத்தை ஒட்டிச் சில வருஷம் மட்டுமே இருந்த பேர், அமலோற்பவம் புத்தகத்தில் மட்டுமே பார்த்தது, ஆனாலும் முகம் நின்றது, மாதாவே, நின்றது, நல்லாருக்குடி, வாங்கிக்க, உனக்குப் பொருத்தமா இருக்கும் என்று தேனாகச் சொன்னாள். செலின் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள், ஓ அப்படியா என்று கீழே வைத்துவிட்டு ரோஜாச் செடிக்காரரிடம் போனாள், அமலோற்பவம் கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், வழி நெடுக அந்தப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செலின் கால் கழுவும்வரைகூடப் பொறுக்கவில்லை, அந்த உள்ளங்கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள், நீ கீழ வெச்சியே, அதுதான். வைத்துவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் ஓரம், மூக்கு நுனி, உதடு, எங்கிருந்து சுருங்க ஆரம்பிக்கும் என்று, செலின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு அவளுக்குப் புரிந்தது, முகம் முழுக்க மலர்ந்துவிட்டது, ஐயோ அக்கா, இதத்தான இத்தன வருஷமா தேடிட்டிருந்த, என்னையே ஏமாத்திட்டியா, மூஞ்சிய எப்படி மாத்தின, கெட்டிக்காரிதான் நீ, என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது அவளுக்கு. அமலோற்பவம் தேடினாள், துருவித் துருவித் தேடினாள், ஒரு துளி இல்லை, மறைத்து வைத்ததாகக்கூட இல்லை, இந்த மனசை இவளுக்கு யார் கொடுத்தது, இதையும் கேட்காமலே கொடுத்தார்களா, எனக்கு ஏன் கொடுக்கவில்லை, வயிறு எரிந்தது, எந்த இறக்கைக்கும் இப்படி எரிந்ததில்லை, நிறுத்தி வைக்க ஒரு சிரிப்பும் அகப்படவில்லை. நெசமாவே அசலாக்கா, என்று செலின் கேட்டாள், கிரீடத்தைப் பார், நூலைப் பார் என்று சொல்ல அமலோற்பவம் வாயெடுத்தாள், செலின் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், வேணாம்க்கா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம், அசல்தான் என்றாள்.