கசில்டா வீட்டுச் சுவரில் இரண்டு முகம்

பூமித்தாய் பச்சமாமா மீது ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அவள் என்னை இன்றே விழுங்கிக்கொள்ளட்டும். எனக்கு வயது எண்பது. அவளுக்கும் அதிக சிரமமிருக்காது.

அர்ஜென்டினாவின் வடக்கே எங்கள் ஹுஹுய் மலைகளில் கழுதையோடு அலைந்து உப்பு விற்றவன் நான். போகிற வழியெல்லாம் சுவரில் படம் வரைய மண் சேர்ப்பேன். கணவாயில் சிவப்பு, உப்பளத்து ஓரம் வெள்ளை, ஓடைக்கரையில் கருப்பு. நாலு கோகா இலை வைத்துப் பூமித்தாயிடம் அனுமதி கேட்டுத்தான் அள்ளுவேன். கள்ளிச் சாற்றில் குழைத்தால் எந்தச் சுவரிலும் பிடிக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கசில்டா என்னைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் செவெரோ செத்தபின் வரும் முதல் திருநாள். அன்று இறந்தவர்கள் நடுப்பகலில் வீடு திரும்பிச் சாப்பிடுவார்கள்.

"எலோய் அண்ணே, நான் புதுவீடு கட்டி வந்துட்டேன். அந்த மனுஷன் உயிரோட இருக்கும்போதே வழி தவறி அடுத்த வீட்டுக்குள்ள போறவரு. வாசச் சுவத்துல அவரு முகத்தை வரைஞ்சு வைங்க. இல்லேன்னா பட்டினியாத் திரும்பிடுவாரு."

சாயங்காலத்துக்குள் வரைந்து முடித்தேன். "அவரேதான்! சண்டைக்கு வர்ற அதே மூஞ்சி!" என்று அழுதாள்.

காலையில் போய்ப் பார்த்தால் சுவரில் பக்கத்து வீட்டு நிகனோர் இருந்தார்.

மண் காய்ந்தால் வெளிறும். அது எனக்கும் தெரியும். ஆனால் வெளிறுகிற மண் இன்னொரு ஆளாக ஏன் மாற வேண்டும்? அதுவும், வாய்க்கால் தண்ணீர் முறைக்காக இருபது வருடம் செவெரோவோடு மல்லுக்கு நின்ற ஆளாக? ஒரு குடம் தண்ணீரை வீசினேன். செவெரோ வந்தார். வெயில் பட்டது. நிகனோர்.

"என்ன அண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? இந்த மூஞ்சியைப் பாத்தா அவரு படியேறுவாரா?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. மண்ணுக்குத்தான் அனுமதி கேட்டேன். யாரு முகம்னு கேக்கல."

அதற்குள் நிகனோரே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிச் சுவரைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தலைசீவி, பூவோடு வந்தார்.

"சொல்லியிருக்கலாமே கசில்டா. இத்தனை வருஷம் மனசுலயேவா வெச்சிருந்த?"

"உன் மூஞ்சியில மலையில மேயுற லாமாவெல்லாம் துப்ப! அது என் புருஷன்யா. காஞ்சுட்டாரு, அவ்வளவுதான்."

நிகனோர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் காஞ்சுபோன செவெரோவா?"

நான் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீர் தீர்ந்திருந்தது. வாய்க்காலில் அன்று நிகனோர் முறை.

"மடையைத் திறங்க," என்றேன்.

"தண்ணி விட்டா நான் போயிடுவேனே!"

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கசில்டா செவெரோவுக்காக வைத்திருந்த சோளக் கள்ளை வாய்நிறைய எடுத்துச் சுவரில் கொப்பளித்தாள். பாதிதான் நனைந்தது. மூக்குக்குக் கீழே செவெரோ, மேலே நிகனோர்.

அப்போது நிகனோர் நேராக உள்ளே போனார். படையல் மேசையில் உட்கார்ந்து கோழிக்கறியைப் பிட்டு வாயில் போட்டார். "காரம் பத்தல கசில்டா," என்றார். குரல் செவெரோவுடையது.

கசில்டா என் காதருகே வந்தாள். "சாப்பிடுறது யாரு அண்ணே?"

"அரை மணி நேரம் பொறும்மா. காயட்டும்."

அவள் பொறுக்கவில்லை. இரண்டாவது தட்டையும் நிரப்பி முன்னால் வைத்தாள். "யாரா வேணா இருக்கட்டும். பட்டினியாப் போகலல்ல, அது போதும்."

பூமித்தாய் விழுங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: கசில்டாவுக்குக் கல்யாணமே ஆனதில்லை.