சாவியை எடுத்த பிறகும்

அன்று காலை அவருக்கு நான் தோசை ஊட்டினேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஆசைக்காக இல்லை. அவருக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கிரீஸ். கழுவிவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றேன். கழுவினால் மறுபடியும் ஆகத்தான் போகிறது, சோப்புக்குக் கேடு என்று ஷெட் வாசலிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றார். நான் தட்டோடு போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் மாமியார் கொளஞ்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஊட்டுற வயசுல நான் ஊட்டுனா தின்னமாட்டன்னு ஓடுவான். இப்ப பாரு, வாயப் பொளந்துகினு நிக்கிறான்" என்றார்.

"நீ ஊட்டுனது கூழும்மா. இது தோசை" என்றார் அவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

மூன்றாவது தோசைக்கு நான் உள்ளே திரும்பியபோது, போதும், கையைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார், ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று பின்னாலிருந்து சொன்னார்.

என் கணவர் பெயர் சிவசங்கர். கச்சிராயபாளையம் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பும் ஒரு மாவு மில்லும் உண்டு. பிள்ளைகள் இல்லை. நான் மலைமேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறேன். ரிஷிவந்தியத்தில் ஒருவர் வீட்டில் வருஷக்கணக்காக மூடிக் கிடந்த பழைய அம்பாசிடர் ஒன்றை அவர் வாங்கி வந்தார். கழுவித் துடைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதில் என்னை மலைமேல் கரியாலூருக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது வளைவிலேயே ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்துவிட்டது. பலாப்பழம் ஏற்றிய ஜீப் ஒன்று பக்கத்தில் நின்றது. மேலே பழத்தோடு உட்கார்ந்திருந்த ஆள், "இன்னா சார், வண்டி மூச்சு வாங்குதா? தள்ளி வுடட்டுமா?" என்று கேட்டான். இவரும் சிரித்தார். ஆனால் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு காயலான் கடையிலிருந்து விபத்தில் சிக்கிய ஜீப்பின் டீசல் இன்ஜினை வாங்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். டர்போ வைத்த இன்ஜின். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற உருப்படிதான் டர்போ. பார்க்க நத்தை மாதிரி இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நத்தை. நத்தைக்கு ஆயில் விட்டாயா, நத்தையைக் கழற்றினாயா என்றே பேச்சு. நத்தையை வைத்து மலை ஏறப் போகிறானாம் என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

கூட வேலை செய்தவர் பிலிப்பு. தியாகதுருகத்தில் லாரி மெக்கானிக். இவரோடு ஒன்றாகப் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். போர் மோட்டார் தூக்குகிற மூன்று கால் பைப்பை ஷெட்டுக்குள் நிறுத்தி, செயின் பிளாக்கில் பழைய இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியதை இறக்கினார்கள். அது அகலம். உட்காராத இடத்தில் வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் வெல்டு வைத்தார்கள். நத்தை பக்கவாட்டில் மிகவும் கீழே போய் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு பேசினது எனக்கு நினைவிருக்கிறது. அது எதற்கு என்று அப்போது தெரியாது. நான் டீ கொண்டுபோய்க் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நான் தோசை ஊட்டிய அந்த ஞாயிறு பிலிப்பு வரவில்லை. அவர் தங்கை மகளுக்குச் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை கொடுக்கிற புதுநன்மை. பின்சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்டை நீளம் குறைக்க லேத்துக்குக் கொடுத்திருந்தார்கள், அதுமட்டும்தான் பாக்கி, வேண்டுமானால் இன்ஜினை ஓடவிட்டுப் பார் என்று அவரே போனில் சொல்லியிருந்தார்.

நான் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். பானட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்ததால் இவர் இடுப்பிலிருந்து தலை வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்தார். கையைக் காட்டினார். சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மாவு மில்லில் எந்தச் சத்தத்துக்கும் அசையாதவர், அந்தச் சத்தத்துக்குத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். அவ்வளவு சந்தோஷம். கொஞ்சம் மிதி என்று சைகை காட்டினார். மிதித்தேன். விடு என்றார். விட்டேன்.

சத்தம் இறங்கவில்லை.

இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தார் போல. காலைக் குனிந்து பார்த்தேன். கால் தரையில் இருந்தது. சத்தம் ஏறியது. பின்பக்கம் வெள்ளையாகப் புகை கிளம்பி ஷெட்டை நிரப்பியது. ஆஃப் பண்ணு என்று கையை வெட்டிக் காட்டினார். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் அணையவில்லை. இன்னும் ஏறியது. நான் சாவியையே உருவி எடுத்து அவருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். என் கையில் சாவி இருந்ததைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. இது எப்படி என்று கேட்கிற முகம்தான். பிறகு அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்.

கிணற்றடி ஆயில் இன்ஜின்களோடு வளர்ந்தவர் அவர். எங்கள் பக்கம் அந்த இன்ஜின் நிற்காமல் முரண்டு பிடித்தால், காற்று இழுக்கிற வாயில் சாக்கை வைத்து அடைப்பார்கள். மூச்சு முட்டி நின்றுவிடும். அவர் அப்பா செய்வார், இவரும் சின்ன வயதிலிருந்து செய்திருக்கிறார். கீழே கிடந்த கோணிச் சாக்கை எடுத்து நத்தையின் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு நொடி சத்தம் தணிந்தது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அந்த வாய் சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கையைப் பின்னால் எடுத்தார். அதற்குள் இன்ஜினின் பக்கவாட்டு இரும்பு பிளந்து, உள்ளேயிருந்து ஒரு துண்டு வெளியே வந்து அவரை அடித்தது.

அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. இன்ஜின் தானாகவே நின்றிருந்தது.

மாமியார் ஓடி வந்தபோது அவர் பார்த்தது, கீழே கிடந்த மகனையும், கதவைத் திறந்து இறங்குகிற என்னையும், என் கையில் இருந்த சாவியையும். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகிற வழியில், பக்கத்து வீட்டு வேனில் மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மொதல்லயே சாவிய எடுத்திருக்கக் கூடாதாடி?"

எடுத்தேன் அத்தை என்றேன். அவர் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லையைத் தாண்டும்போதே என் கணவர் போய்விட்டார்.

எத்தனை பேரிடம் சொன்னேன் என்று தெரியாது. விசாரிக்க வந்தவரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பதட்டத்தில் யாருக்குத்தான் கை ஓடும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள், நான் சொல்லி முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சாவியை எடுத்தால் இன்ஜின் நிற்கும். அது எல்லோருக்கும் தெரியும். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, இதைப் பின்னால் போடு என்று நான் சொன்னால் மலையில் ஒரு ஊரே நம்பும். என் கையால் நான் செய்ததை என் வீட்டில் நம்ப ஆள் இல்லை. பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவரைத்தான் எரித்துவிட்டு வந்தோம்.

பிலிப்பு சுடுகாட்டுக்கு வந்தார், வீட்டுக்கு வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. அவருக்கு இன்ஜின் தெரியும், அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்து இறங்கிய ஒரு நாள், பஸ் மாறித் தியாகதுருகம் போனேன். என்னைக் கண்டதும் லாரிக்கடியிலிருந்து வந்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார். நத்தை சுழல ஆயில் வேண்டும். மேலே போகிற ஆயில் தானாகக் கீழே இறங்கி இன்ஜினுக்குத் திரும்ப வேண்டும். நத்தை தாழ உட்கார்ந்துவிட்டதால் இறங்குகிற பைப்புக்கு இடம் இல்லை. அந்தப் பைப்பை வளைத்து ஒரு சாண் மேலே ஏற்றி, பிறகு இறக்கினார்கள். ஆயில் ஏறவில்லை, தேங்கி, காற்று போகிற வழியில் புகுந்துவிட்டது.

"சாவி டீசலத்தான் நிறுத்தும், தங்கச்சி. அது டீசல்ல ஓடல. தன் ஆயிலத் தானே குடிச்சிக்கினு ஓடியிருக்கு. ஷாஃப்டு மாட்டியிருந்தா டாப் கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சாவது நிறுத்தியிருக்கலாம். அதுவும் இல்ல."

பைப்பை வளைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை வந்து சொல்லுங்கள் என்று கேட்கத்தான் போனேன். சொன்னால் என்மேல் இருப்பது அவர்மேல் போகும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வேண்டாம் அண்ணா, வீட்டுக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவர் அடுத்த ஞாயிறே வந்தார். மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிலிப்பு தரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதையே சொன்னார். அவருக்குப் புரியவேண்டும் என்பதற்காக வாய்க்கால், மேடு என்று சொல்லி விளக்கினார். முடிந்ததும் மாமியார் கேட்டார்.

"பைப்ப வளைச்சது யாரு?"

"நான்தான் பெரிம்மா. அவன் புடிச்சிக்கினு இருந்தான்."

நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் திட்டப்போகிறார், மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று காத்திருந்தேன். பிலிப்பும் அதற்காகத்தான் வந்திருந்தார். மாமியார் ஷெட் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவ சாவிய எடுத்தும் நிக்கல."

"நிக்காது பெரிம்மா. யாரு எடுத்திருந்தாலும் நிக்காது."

"அப்பறம் எதுக்குடா அதுல சாவின்னு ஒண்ண வச்சானுவ?"

மாமியார் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், இவனுக்குக் காப்பி குடு என்றார். பிலிப்பு குடித்துவிட்டுப் போனார். இன்றுவரை அவரைப்பற்றி மாமியார் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகு நைனார்பாளையத்திலிருந்து மாமியாரின் நாத்தனார் சின்னப்பொண்ணு வந்திருந்தார். வந்தவுடன் வழக்கமான பேச்சு. பாவம், பொம்பளைக்கு இன்னா தெரியும், பயத்துல கை நடுங்கியிருக்கும் என்று என் தோளைத் தடவினார். நான் சொல்லுவதை நிறுத்தி நாளாகிவிட்டது. மாமியார்தான் சொன்னார்.

"அவ எடுத்துட்டா சின்னப்பொண்ணு. எடுத்தும் நிக்கல."

சின்னப்பொண்ணு மாமியாரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். ஆமாம் அண்ணி, ஆமாம் என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு மாட்டைப்பற்றி விசாரித்தார். மாமியார் இன்னொரு தடவை சொன்னார். ஆயிலைப்பற்றி, மேட்டில் ஏறாத வாய்க்காலைப்பற்றி, பிலிப்பு பெயரை விட்டுவிட்டுச் சொல்லப் பார்த்தார். பாதியில் அவருக்கே குழம்பிவிட்டது. என்னைப் பார்த்தார்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் மாமியாரைக் காணவில்லை. ஷெட்டில் இருந்தார். அந்த வண்டியில் அதற்கு முன்னால் அவர் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டரியை எப்போதோ கழற்றியாகிவிட்டது. எதிரே பிளந்த இன்ஜின் அப்படியே இருந்தது. சாவியைக் கொண்டுவா என்றார். கொண்டுவந்து துளையில் நானே செருகிக் கொடுத்தேன்.

"எந்தப் பக்கம் திருப்புனா நிக்கும்?"

"எடது பக்கம் அத்தை."

வலது பக்கம் திருப்பினார். பிறகு இடது பக்கம் திருப்பினார். உள்ளே ஏதோ சின்னதாகச் சொடுக்கியது. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடியும் வலது, மறுபடியும் இடது. எந்தப் பக்கம் என்றாய் என்று திரும்பவும் கேட்டார். இடது பக்கம் என்று திரும்பவும் சொன்னேன்.

அந்த வண்டியில் சாவியை இடது பக்கம் திருப்பினால் ஆஃப்.