லோரெட்டா வின்ஸ்லோவோடு பாடியவர்

அமெரிக்காவின் தலைசிறந்த ஒபரா பாடகி லோரெட்டா வின்ஸ்லோவோடு ஒரே மேடையில் தான் பாடியதாகவும், அந்தப் பாட்டு ஒலிப்பதிவாகி உலகமெல்லாம் போனதாகவும், நியூயோர்க்கில் இன்றைக்கும் கோடீஸ்வரர்கள் தன்னுடைய குரல் வரும் இடத்தில்தான் கைக்குட்டையை எடுப்பதாகவும் குணசேகரம் சொன்னார். சொன்ன இடம்தான் பிழை. அது ஹம்பேர்க்கில் ஓர் ஆஸ்பத்திரியின் ஞாபக மறதிப் பிரிவு. கேட்டுக்கொண்டிருந்தவர் டொக்டர்.

அதுவரைக்கும் சோதனை நன்றாகத்தான் போனது. மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார்கள். முள்ளோடு நிறுத்தாமல், அது தொங்கச் சுவரும் சுவரில் ஒரு பல்லியும் சேர்த்துக் கீறிக் கொடுத்தார். மிருகங்களின் பெயர் கேட்டார்கள். காடு முழுவதையும் இறக்கிவிட்டார்; டொக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை. பிறகுதான் அந்த டொக்டர் அம்மா, வாழ்க்கையில் மறக்கமுடியாத சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

கேட்டு முடிந்ததும் டொக்டர், குணசேகரத்தின் மகள் வேணுஜாவின் பக்கம் திரும்பினார். இப்படி ஏதாவது நடந்ததா? இதற்காகவே லீவு போட்டுத் தெற்கே எர்லாங்கனிலிருந்து வந்திருந்த வேணுஜா நிலத்தைப் பார்த்தாள். அப்பா எப்போதும் கூட்டித்தான் சொல்லுவார், ஆனால் இது நடந்திருக்காது என்று ஜெர்மனில் சொன்னாள். டொக்டர் பதமாகத்தான் விளக்கினார். ஞாபகத்தில் ஓட்டை விழுந்தால் சிலருக்கு மனம் தானாகவே எதையாவது இட்டு நிரப்பும். அவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மை என்றே நம்புவார்கள். இவர் கதைவிடுகிறாரா, நம்புகிறாரா என்று சோதனையில் தெரியாது. வீட்டார்தான் யோசித்து அடுத்த முறை சொல்ல வேண்டும்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் இருந்தது. மனைவி புஸ்பவதி இறந்தபிறகு குணசேகரம் தனியே இருந்தார். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து, தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு வண்டிதான். கூட்டாளி ஜேசுரட்ணத்தின் கடையில் சொன்னபோது ஆறு வண்டியும் ஒரு ஹெலிகொப்டரும் ஆகியிருந்தது. அதன் பிறகு வேணுஜா எர்லாங்கனில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பிடித்து வைத்திருந்தாள். மறதி என்று டொக்டர் சொன்னால் அவர் போகவேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்கு. சாப்பாடு நல்லதாம், தோட்டமும் உண்டாம். தமிழில் கதை கேட்க மட்டும் ஒரு சீவன் கிடையாது. குணசேகரத்துக்கு அது பட்டினியை விட மோசம்.

எஸ்-பான் ரயிலில் வீடு திரும்பினார்கள். அவர் யன்னலோரம் இருந்து, உண்மையில் என்னதான் நடந்தது என்று யோசித்துப் பார்த்தார். முதல்முறை சொன்னபோது பாடகி அவர் காலை மிதித்தாள். அடுத்த முறை மன்னிப்புக் கேட்டாள். பிறகொரு முறை முழங்காலிட்டுக் காலைத் தடவினாள். இதற்கு மேல் கூட்ட முடியாதென்று ஜேசுரட்ணம் பந்தயம் கட்டியதால் அவள் சூப் ஊட்டினாள். கடைசியில் இருவரும் சேர்ந்தே பாடிவிட்டார்கள். இப்போது கண்ணை மூடினால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. அவள் முழங்காலில் இருப்பது தெரிந்தது. சூப்பின் ஆவி தெரிந்தது. அவள் மிதித்தது மற்றவற்றை விடக் கொஞ்சமும் கூடுதலாகத் தெரியவில்லை. கதை சொல்பவர்களில் தன்னை மிஞ்ச ஐரோப்பாவில் ஆளில்லை என்று திரிந்த மனிதருக்கு முதல்முறையாகத் தன் கதையிலேயே சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் பாடேல்லை. எனக்கு விசா கிடைச்ச புதுசு. கைதி வேசத்துக்குக் கறுத்த ஆக்கள் வேணுமெண்டு ஒபராவில தேடினவை. சங்கிலியோட சும்மா நிக்கிறதுதான் வேலை. அவ பாடிக்கொண்டு பின்பக்கமா நடந்து வந்தவ, குதிக்கால் என்ர வெறுங்காலில ஏறிட்டுது. நான் கத்திப்போட்டன். அண்டைக்கு ரேடியோக்காரர் பதிஞ்சவை. அவ்வளவுதான்."

"இதாவது உண்மையோ, அப்பா?"

அவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். 

"தெரியாது, பிள்ளை" என்றார்.

 பெருமையடிக்காத அப்பாவை வேணுஜா கண்டதே இல்லை. மேசையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தாள். பாடகியின் பெயரையும் ஹம்பேர்க்கையும் போட்டதும், பழைய ஒபரா பைத்தியங்கள் ஏற்றி வைத்த அந்த வானொலிப் பதிவு வந்தது. இயர்போனை இரண்டு காதிலும் மாட்டினாள். தனக்கும் ஒன்றைத் தரச்சொல்லிக் கை நீட்டியவரிடம், நீங்கள் கேட்டால் சனம் கைதட்டுறதும் உங்களுக்குத்தான் எண்டுவியள் என்று சொல்லித் தள்ளிவிட்டாள். நாடகத்தின் எந்த அங்கம் என்று கேட்டாள். மூன்றாவது என்றார்.

மூன்றாம் அங்கத்தில் ஒன்றும் இல்லை. மேசையில் ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது. வேணுஜா மெல்லத் தலையை ஆட்டினாள்.

குணசேகரம் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். புஸ்பவதியின் இடியப்ப உரலை இல்லத்தில் வைக்க விடுவார்களா என்று யோசனை போனது.

"சரி பிள்ளை. எர்லாங்கன் நல்ல ஊராம்தானே."

அவள் திரையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கைதியள் வாறது இரண்டாம் அங்கத்திலயாம், அப்பா."

அங்கத்தையே மாறிச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் மோசம் என்று அவருக்குத் தோன்றியது. கதிரையில் இருந்தபடி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு அவருக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தில்தான் ஓடியது. எங்கோ ஒரு நீண்ட சுரம் ஏறியிருக்கவேண்டும். அவளும் மூச்சைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கை வாய்க்குப் போனது. தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவள் பின்னுக்கு இழுத்து அதே இடத்தைத் திரும்பவும் கேட்டாள். பிறகும் ஒரு தரம்.

"என்ன பிள்ளை?"

"ஐயோ அம்மா, காலை எடு பிள்ளை எண்டு ஒரு பெடியன் கத்துறான்" என்றாள் வேணுஜா. "நான் பிறக்க முதல் உங்கட குரல் இப்பிடியோ இருந்தது?"

அவர் கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார்.

"அவ என்ன செய்தவ? பாட்டை நிப்பாட்டினவவோ?"

"இல்லை. அந்தச் சுரத்தை விடவே இல்லை." அவள் இயர்போனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "டொக்டருக்கு நானே சொல்லுறன். அது நடந்ததுதான், அப்பா."