வராதீங்க என்றால் வாங்க

பதினோரு மணிக்கு ஒத்திகை. தொழிற்சாலையில் வாயு கசிந்தால் காத்திவாக்கம் மீனவர் குப்பத்துக்குச் சைரனும் அறிவிப்பும் கேட்க வேண்டும். அதற்கான ஒலிபெருக்கிகளைக் கம்பங்களில் மாட்டிய டெக்னீஷியன் பவானி, தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஏழரைக்கே வந்துவிட்டாள்.

அறிவிப்பைப் பேசியவர் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி ரவிக்குமார். ஸ்டுடியோவில் பதிந்து, துளியும் சுருக்காத வேவ் ஃபைலாகக் கொடுத்திருந்தார். ‘யாரும் வெளியே வராதீங்க.’ லேப்டாப்பில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

சோதனைக்காக, கழிமுகத்தோரக் கடைசிக் கம்பத்தடியில் குப்பம்மா நின்றாள். மகளிர் குழுத் தலைவி, அந்தத் தெருவுக்குத் தன்னார்வலர். பவானி சைரன் இல்லாமல் அறிவிப்பை மட்டும் ஓடவிட்டு, போனில் விசாரித்தாள்.

“வெளிய வாங்கன்னு சொல்லிகினு கீது,” என்றாள் குப்பம்மா. “சரிதானே?”

நேர் எதிரான பொருள். பவானி அதையே மறுபடி போட்டாள். இம்முறை அந்தச் சொல் சரியாக வந்தது, வேறொரு சொல் உடைந்தது.

குப்பத்து முனையில் இருந்த ஒலிபரப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. மெமரி கார்டில் எண்களாகக் கிடக்கும் குரலை ஒரு சிப் படித்து, மின்னலையாக மாற்றித்தான் ஆம்ப்ளிஃபயருக்குத் தருகிறது. ஃபைல் பெரிது, கார்டு மெதுவானது. எண்கள் வந்து சேராத இடங்களில் சத்தமே அறுந்துபோயிற்று. ‘வராதீங்க’வின் நடுவெழுத்துகள் அப்படி அறுந்ததில், மிஞ்சியது காதுக்கு ‘வாங்க’ என்றே கேட்டது.

அதையே எம்பி3யாக நன்றாகச் சுருக்கிப் போட்டாள். தடுமாறவில்லை. ஆனால் தண்ணிக்குள்ளேயிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதென்றாள் குப்பம்மா. சுருக்கியதில் மெய்யெழுத்துகள் மழுங்கிவிட்டன.

மணி பத்து. பவானி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். ஸ்டுடியோவில் பதிந்த மூச்சொலி போன்ற நுணுக்கங்களைக் கம்பத்து ஒலிபெருக்கியால் எப்படியும் தர முடியாது. பிறகு எதற்கு அத்தனை எண்கள்? வேவாகவே வைத்துக்கொண்டு, இரண்டு சேனலை ஒன்றாக்கினாள். ஒலியின் ஒவ்வொரு மாதிரிக்கும் இருந்த இருபத்துநாலு பிட்டைப் பதினாறாகவும், நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் மாதிரிகளைப் பாதியாகவும் குறைத்தாள். ஃபைல் ஆறில் ஒரு பங்காயிற்று. ஐந்து முறை போட்டாள். ஐந்து முறையும் குப்பம்மாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போதும் மனசு ஆறவில்லை. உப்புக்காற்றில் கார்டு பழுதானால்? நிஜமாகவே கசிகிற அன்று அந்த இரண்டு எழுத்து மட்டும் அறுந்தால்? ரவிக்குமாருக்குப் போன் செய்து, வாசகத்தை மாற்றலாமா என்று கேட்டாள். அது மேலிடம் ஒப்புக்கொண்ட வாசகம், கை வைக்க முடியாதென்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

பவானி அங்கே நின்ற கம்பெனி வேனுக்குள் ஏறி, வெளிச்சத்தம் புகாமல் கண்ணாடிகளை ஏற்றினாள். போனை வாயருகே பிடித்து, தன் குரலிலேயே பேசினாள். ‘எல்லாரும் வூட்டுக்குள்ளயே இருங்க. கதவைச் சாத்துங்க.’ இதில் எது உடைந்தாலும் யாரையும் வெளியே கூப்பிடாது. வேலை போனாலும் போகட்டும் என்று அதைக் கார்டில் ஏற்றினாள்.

பதினோரு மணிக்குச் சைரன் அலறி ஓய்ந்து, அவள் குரல் வந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒத்திகையைப் பார்க்க வந்து நின்ற ரவிக்குமார் திரும்பி அவளைப் பார்த்தார். ஒத்திகை முடிந்த பிறகுதான் யார் அனுமதித்தது என்று கேட்டார். அவள் பழைய ஃபைலை லேப்டாப்பில் அல்ல, பெட்டியிலேயே மாட்டிச் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். மூன்றாவது தடவை அவர் காதிலேயே ‘வாங்க’ விழுந்தது. ஃபைலை நிறுத்தச் சொன்னார்.

“நீங்க பேசின வாசகத்துக்கே அனுமதி வாங்கறேன்,” என்றார். “ஆனா நீங்க இன்னிக்கே விளக்கம் எழுதிக் கொடுக்கணும்.”

வேலை போய்விடுமா என்று அவள் கேட்டதற்குத் தனக்குத் தெரியாதென்றார்.

அப்போது குப்பம்மாவின் போன் வந்தது. வெயிலில் வீட்டுக்குள் புழுங்குகிறதாம், குழந்தைகள் அழுகிறார்களாம், கதவைத் திறக்கலாமா என்று கேட்டாள். ஆபத்து நீங்கியதென்று சொல்ல யாருமே எந்த ஃபைலும் பதிந்திருக்கவில்லை. பவானி பெட்டியை மூடிவிட்டு, முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.