அந்த வரிக்கு வாய் வரவில்லை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளன் கையைத் தூக்கிக் காட்டினான். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். மைனா ஒரு வாய் வெந்நீர் குடித்து, கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.

மைனா என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று அப்பா அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, ஊரே கூப்பிட்டது. அந்த வாய்தான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிறது. நாவல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். படிக்க நேரமில்லாதவர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் காதில் மாட்டிக் கேட்பார்கள். பதிவறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரிசு. சுவரெல்லாம் மெத்தை தைத்த மாதிரி இருக்கும். மின்விசிறி போடக் கூடாது, வளையல் போடக் கூடாது, பசியோடு வரக் கூடாது. வயிறு கடமுடா என்றால் மைக் அதையும் விட்டுவைக்காது.

இந்த நாவல் இளம் வாசகர்களுக்கானது. வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத ஒரு பையன் சரக்குப் படகில் எடுபிடியாகச் சேர்கிறான். முதல் நாள் மைனாவுக்கு ஒரே குஷி. புயல் வந்தது, பாய்மரம் முறிந்தது, பையன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். மைனாவும் கூடவே தொங்கினாள். "அக்கா, நீங்க படிக்கிறப்ப எனக்கே குமட்டுது, கப்பல்ல போற மாதிரி இருக்கு" என்றான் ஒலிப்பதிவாளன். மறுநாள் படகுத் தலைவனுடைய கைக்கடிகாரம் காணாமல் போனது. திருடாத பையனைத் திருடன் என்று சொல்லி, படகின் அடித்தட்டில் இருட்டுக்குள் போட்டுப் பூட்டினான் தலைவன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதையும் வாசித்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. நல்லா வந்திருக்கு என்றார்கள்.

இப்போது கடைசி அத்தியாயம். பையன் பெரியவனாகி, சொந்தப் படகு வாங்கி, கிழவனாகிப்போன அந்தத் தலைவனுக்கு நன்றி சொல்லத் தேடிக்கொண்டு வருகிறான். மைனா வாசித்தாள்.

"'ஐயா, அந்த இருட்டறைதான் எனக்குப் பள்ளிக்கூடம். நீங்கள் பூட்டிய கதவுதான்...'"

நின்றாள்.

"இன்னொரு தடவை போலாம்க்கா" என்றான் ஒலிப்பதிவாளன்.

இன்னொரு தடவை போனாள். "ஐயா" வந்தது. "இருட்டறை" வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அழுகை என்று முதலில் நினைத்தாள். இல்லை, கோபம். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள்.

"என்னால முடியாது தம்பி."

"தொண்டை சரியில்லையா? சாயங்காலம் எடுத்துக்கலாமா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. இந்த வரியைச் சொல்ல மாட்டேன்."

மைனாவுக்கு ஒரு தம்பி. அவனுக்கு வாலு என்று பெயர். சின்ன வயதில் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்காதவன். மாடி விட்டு மாடி தாவுவான், பக்கத்து வீட்டு நாய்க்குச் சட்டை மாட்டிவிடுவான். பதின்மூன்றாம் வயதில் படிப்பு ஏறவில்லை என்று அப்பா அவனைப் பெரியப்பாவின் பேட்டரி கடைக்கு அனுப்பினார். அடிபட்டு மிதிபட்டு வந்தால் ஆளாவான் என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் பையனைக் கடையின் பின்னறையில் தள்ளி ஷட்டரை இழுத்துவிடுவார். ஜன்னல் இல்லாத அறை, அமில நெடி மூக்கைப் பிய்க்கும். சில சமயம் சாப்பிடப் போய்விட்டு, உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்பதையே மறந்துவிடுவார்.

ஒன்றரை வருஷம் கழித்து வாலு திரும்பி வந்தபோது தாவவும் இல்லை, யாரையும் சீண்டவும் இல்லை. சொன்னதைச் செய்தான். "பையன் எவ்வளவு பக்குவமாயிட்டான் பாத்தீங்களா!" என்று சொந்தபந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது. மைனாவுக்கு மட்டும் தம்பியை யாரோ வைத்துக்கொண்டு வேறு யாரையோ அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது வாலுவுக்கு முப்பத்திரண்டு வயது. சாலையில் வெள்ளைக்கோடு போடுகிற வேலை. லிஃப்டில் ஏற மாட்டான். வீட்டில் குளிக்கும்போது கதவைத் தாழ் போட மாட்டான். ஒரு வாளியை முட்டுக் கொடுத்து வைப்பான். வாளி இருந்தால் யாரும் போகக் கூடாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று மட்டும் யாரும் வாய் திறந்து பேசியதில்லை.

அதனால்தான் அந்த வரிக்கு வாய் வரவில்லை.

மறுநாள் எழுத்தாளரே ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், இஸ்திரி கலையாத சட்டை, அதிராத பேச்சு. பிள்ளைகளுக்கு எழுதியே பேர் வாங்கியவர். மைனாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

"உங்க குரல்ல புயல் காட்சி கேட்டேம்மா. நான் எழுதினதைவிட நல்லா இருந்துச்சு. அந்த ஒரு வரியில என்ன சிக்கல்?"

"அவன் எதுக்கு சார் நன்றி சொல்றான்?"

"அந்தக் கஷ்டம்தானே அவனை வளர்த்துச்சு? கஷ்டமே படாம கதாநாயகன் எப்படி வளருவான்? கதையே நகராதே."

"கஷ்டப்படட்டும் சார். புயல்ல மாட்டட்டும், பசில கிடக்கட்டும். அதையெல்லாம் ஆசையாத்தான் படிச்சேன். புயலுக்கு அவன் நன்றி சொல்லல. பூட்டின ஆளுக்கு எதுக்குச் சொல்லணும்?"

எழுத்தாளர் பொறுமையாகச் சிரித்தார். "படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்மா. பட்டதெல்லாம் வீண் போகலன்னு."

"பிள்ளைங்க மட்டுமா கேக்கறாங்க? பூட்டறவங்களும் கேக்கறாங்க. 'பாத்தியா, நான் பண்ணினது நல்லதுதான்'னு காலாட்டிக்கிட்டுக் கேப்பாங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் நம்பிக்கை கொடுக்கறீங்க."

ஒலிப்பதிவாளன் கண்ணாடிக்குப் பின்னால் எதையோ துடைப்பதுபோல் குனிந்துகொண்டான். மைனாவுக்கோ அணை உடைந்துவிட்டது. ஷட்டர், பின்னறை, அமில நெடி, பக்குவமாகிவிட்டான் என்று மெச்சிய வாய்கள், முட்டுக் கொடுத்த வாளி எல்லாவற்றையும் கொட்டினாள். "என் தம்பிகிட்ட போய்ச் சொல்லச் சொல்லுங்க சார் உங்க படகுப் பையனை, அது பள்ளிக்கூடம்னு!"

எழுத்தாளர் அசையாமல் கேட்டார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அந்த வாளி... அடடா. யோசிச்சாலும் வராதும்மா இப்படி ஒரு விஷயம். உங்க தம்பியை நான் சந்திக்கலாமா? அவர் கதையை எழுதணும். கடைசியில அவர் அந்தக் கதவைத் தாழ் போடறார் பாருங்க..."

மைனா எழுந்துவிட்டாள். கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. இந்த மனிதர் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. "என் தம்பி சரக்கு இல்ல சார், உங்க படகுல ஏத்த" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் வரும்போது முதலில் அந்த ஆள்மேல் கொதித்தது. ரெண்டு நிறுத்தம் தாண்டியதும் கோபம் திரும்பி அவளையே பார்த்தது. வாளியைப் பற்றி வீட்டில்கூடப் பேசாதவள், அதைத் தூக்கிக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஆள் முன்னால் வைத்தது யார்?

அவள் தம்பியிடம் சொல்வதற்குள் எழுத்தாளர் முந்திக்கொண்டார். அவசரத்துக்கு என்று மைனா கொடுத்து வைத்திருந்த தம்பியின் எண்ணை ஸ்டூடியோவில் யாரிடமோ வாங்கி, வேலை நேரத்தில் வாலுவுக்கே போன் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வாலு வெள்ளைச் சாயம் படிந்த பேண்ட்டோடு வீட்டுக்குள் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எவனோ ஒரு எழுத்தாளனாம். வாளியைப் பத்திக் கேக்கறான். என் வாளியைப் பத்தி!"

அந்த வீட்டில் வாலுவின் குரல் இவ்வளவு உயர்ந்து மைனா பல வருஷமாகக் கேட்டதில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தார்.

"நான்தான்டா சொன்னேன்" என்றாள் மைனா. "அந்தாளு எழுதினதைப் பாத்து எனக்கு ஆத்திரம் தாங்கல. உனக்காகத்தான்..."

"எனக்காகவா? நான் கேட்டேனா? என் கூட வேலை செய்யறவங்க முன்னாடி போனை வச்சுக்கிட்டு முழிச்சேன். ஒவ்வொருத்தனும் யாரு யாருன்னு கேக்கறான். நான் என்ன உன் வழக்குக்குச் சாட்சியா?"

"தப்புதான். உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்."

அதோடு முடிந்திருக்கும். அப்பா நடுவில் புகுந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் புகவில்லை, சமாதானம் பண்ணுவதாகத்தான் நினைப்பு.

"விடுப்பா. புஸ்தகத்துல வந்தா நல்லதுதானே? நாலு பேரு படிப்பாங்க. பெரியப்பா கொஞ்சம் முரட்டு ஆளுதான், இல்லேங்கல. ஆனா அந்தக் கடைதான் உன்னை மனுஷனாக்குச்சு. இல்லேன்னா இன்னிக்கி எங்க சுத்திக்கிட்டிருப்பியோ."

மைனா வாயைத் திறந்தாள். வாலு கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"அப்பா, அந்த ரூம்ல நான் என்ன கத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"பொறுமை. ஒழுக்கம். ஒரு இடத்துல நிக்கிற..."

"இருட்டு எப்படி இருக்கும்னு எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்பா. அங்க போய்த் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. கதவைத் தட்டினா யாரும் வர மாட்டாங்கன்னுதான் புதுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனாலதான் தட்டறதை விட்டேன். அதுக்குப் பேரு ஒழுக்கமா?"

அப்பா டிவி ரிமோட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மனுஷனானது கோடு போடற வேலைக்கு வந்த அப்புறம். அங்க நான் தப்பு பண்ணினா, மேஸ்திரி மறுபடி போடுன்னுவாரு, அவ்வளவுதான். ஒருநாளும் கை ஓங்கல. அந்தாளுக்கு நன்றி சொல்லச் சொல்லுங்க, சொல்றேன்."

"எனக்கு அப்போ வேற என்னப்பா தெரிஞ்சுது?" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. "நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் அனுப்பினேன். அது நல்லதுக்கு இல்லேன்னா, நான் பண்ணினதுக்கு என்ன பேரு?"

வாலு குளிக்கப் போனான். அப்பா டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மைனாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒன்று வந்து மற்றதை அணைக்கவில்லை.

ஸ்டூடியோ நாவலை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டது. அவள் அந்த வரியைத் தேன் குழைத்து வாசித்தாளாம், ஒலிப்பதிவாளன் போனில் சொன்னான். எண் கொடுத்தது தான்தான் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். கொஞ்ச நாள் அங்கிருந்து மைனாவுக்கு வேலை வரவில்லை. சமையல் குறிப்புகளும் பல் விளக்கும் பசை விளம்பரங்களும் வாசித்து ஓட்டினாள். எழுத்தாளர் ஒரு வருத்தமான குறுஞ்செய்தி அனுப்பினார். தம்பி மனம் மாறினால் சொல்லும்படி கடைசியில் ஒரு வரி. அதை அழித்தாள்.

வாலு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"அந்தப் படகுப் பையன் அப்புறம் எப்படி வெளியே வந்தான்?"

மைனாவுக்கு உயிர் வந்தது. காட்டிக்கொள்ளாமல் சொன்னாள். "மூணாம் நாள் ராத்திரி சமையல்காரன் பரிதாபப்பட்டுப் பூட்டைத் திறந்து விட்டுட்டுப் போறான். கரை பக்கத்துலதான்."

"சரி. நீந்திட்டானா?"

"இல்ல."

"ஏன்?"

"தான் திருடன் இல்லேன்னு நிரூபிக்கணுமாம். அதனால உள்ளேயே உக்காந்து, தலைவன் வந்து கூப்பிடற வரைக்கும் காத்திருக்கான்."

வாலு தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். சோப்பு நுரை முழங்கைவரை வழிந்தது.

"திறந்திருந்துச்சு?"

"திறந்திருந்துச்சு."

"கரை பக்கத்துல?"

"கூப்பிடு தூரம்."

"போகல?"

"போகலடா."

"லூசுப்பயலே!" என்று கத்தினான் வாலு, அந்தப் பையன் எதிரிலேயே நிற்பதுபோல. "ஓடுடா! யாருக்குடா நிரூபிக்கப்போற?"

மைனா சிரிக்க ஆரம்பித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தட்டைத் தேய்த்துக்கொண்டே எழுத்தாளரையும் தலைவனையும் பூட்டையும் பையனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். அவளும் கூடச் சேர்ந்து, அவன் விட்ட இடத்தில் எடுத்துக் கொடுத்தாள்.