கேதீஸ்வரன் ஒதுக்கிய நூற்று ஐம்பத்திரண்டு படங்கள்

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியாகத்தான் தொடங்கியது. "கேதீஸ், இனி நீர் வேலைக்கு வரத் தேவையில்லை" என்று தட்டி, அனுப்பாமல் வைத்திருந்தேன். மூன்று நாள் அதைத் திருத்தினேன். காரணம் எழுத வேண்டியிருந்தது. காரணத்துக்குச் சான்று தேவைப்பட்டது. சான்று என்னிடம் இல்லை. சான்று இல்லாதவர்கள் கதை எழுதலாம் என்று தோன்றியது.

முதல் தொடக்கம்: மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்னில், நிரஞ்சினி என்றொரு பெண் கல்யாணவீடுகளுக்குப் படம்—

இது சரிவராது. நிரஞ்சினி நான்தான்.

இரண்டாம் தொடக்கம்: கேதீஸ்வரன் பார்வைக்கு நல்லவன் போலத்தான்—

அந்தப் 'போல' என்ற சொல்லிலேயே தீர்ப்பை எழுதிவிட்டேன். அதையும் அடித்துவிட்டேன்.

2

பதினோரு வருடமாகக் கல்யாணவீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். என்னிடம் ஓர் எண்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ் இருக்கிறது. ஒன்று தசம் இரண்டு வரை திறக்கும். (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும், கண்ணாடி பெருக்கும், பாரமும் ஏறும்.) லென்ஸ் மட்டும் ஒரு கிலோ இருநூறு கிராம். கமராவோடு சேர்ந்தால் இரண்டு கிலோ வரும். முழுதாகத் திறந்து எடுத்தாலும் மூலை வரை துல்லியமாக இருக்கும். மணப்பெண்ணின் இமைமயிரை எண்ணலாம். அவளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகள் கரைந்து போய்விடும்.

போன வருடக் கடைசியில் என் வலது தோளில் தசைநார் கிழிந்தது. இரண்டு கிழமை கழித்து, என்னோடு துணைக்குப் படம் எடுக்கும் கேதீஸ்வரன் ஒரு சிறிய லென்ஸோடு வந்தார். பழையதாக எங்கோ வாங்கியது.

"அக்கா, இத ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ஒண்டு தசம் எட்டு. நானூற்றி எழுவது கிராம்தான்."

"மூலை எப்பிடி?"

"கொஞ்சம் இளகும். நகை மினுங்கிற இடத்தில ஊதாக் கரை விழும். பிறகு திருத்தலாம்."

"அப்ப என்ர லென்ஸ ஆர் பாவிக்கிறது?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தேவையெண்டா நான் பாவிக்கிறன்" என்றார்.

அந்த மூன்று விநாடியை நான் இப்போது எட்டாம் தடவையாக எழுதுகிறேன். ஒரு வரைவில் அவர் பெரிய லென்ஸைப் பார்த்தார். இன்னொன்றில் என் தோளைப் பார்த்தார். உண்மையில் எதைப் பார்த்தார் என்பது எனக்கு நினைவில்லை.*

* முதல் வரைவு முழுக்கக் கேதீஸ்வரன் 'அவர்'. மூன்றாம் வரைவில் நான் கவனிக்காமலே 'அவன்' ஆகிவிட்டார். இதில் திருத்தியிருக்கிறேன். எங்காவது தவறியிருந்தால், அந்த இடத்தில் நான் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3

ஒரு விசயத்தை மறைத்து வைத்திருந்தேன். அவருக்கு வயது நாற்பத்தொன்று. பதின்மூன்று வருடத்துக்கு முன் அகதியாகப் படகில் வந்தவர். இன்னமும் தற்காலிக விசாதான். இதைச் சொன்னால் உடனே நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் விட்டுவிட்டேன். சொல்லாமல் விட்டால் நான் மோசம் செய்தவளாவேன். எழுதுகிறவளின் கையிலும் ஒரு லென்ஸ் இருக்கிறது. எதைக் கரைக்கலாம் என்று அவள்தான் தீர்மானிக்கிறாள்.

4

டார்னெய்ட்டில் இருக்கும் கமலேஸ்வரி அன்ரியின் மகள் வினுஷாவுக்கு, 'த பேசின்' என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில் கல்யாணம். தாலிகட்டு முடியும் வரை பெரிய லென்ஸைத்தான் பிடித்தேன். கண்ணாடித் தகடொன்று உள்ளே செருகியிருப்பது போல் தோள் அறுத்தது. கமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் துல்லியமாகத்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு, வேறு வழியில்லாமல் சிறியதைப் பூட்டினேன்.

படங்களைக் கணினியில் இறக்குவதும் நல்லவற்றைத் தெரிவுசெய்வதும் கேதீஸின் வேலை. அவர் தெரிவுசெய்த தொகுப்பில் இரண்டு லென்ஸின் படங்களும் கலந்திருந்தன. எது எதிலென்று சொல்லாமல் அன்ரியிடம் கொடுத்து, கல்யாண அல்பத்துக்கு நாற்பது எடுக்கச் சொன்னோம். முப்பத்தொன்று சிறிய லென்ஸின் படங்கள்.

"அன்ரி, இதில கரையெல்லாம் இளகியிருக்கே?"

"எனக்குக் கரை விளங்காது பிள்ளை. இதில என்ர மகள் சிரிக்கிறாள். அதில சிரிக்கிறதுக்கு ரெடியாகிறாள்."

சிறிய லென்ஸோடு நான் கமராவை இறக்காமல் காத்திருந்திருக்கிறேன். அதனால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்கிறது. இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். கமராவின் எண்ணிக்கைப்படி பெரிய லென்ஸில் நான் எடுத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் தொகுப்பில் இருந்தவை அறுபது. கமராவின் கார்ட்டுகளை வழக்கம்போல் அவன் துடைத்துவிட்டிருந்தான்.

5

அடுத்த நாள் பின்னேரம், என் குசினி மேசையில்.

"மிச்சப் படம் எங்க, கேதீஸ்?"

"ஒதுக்கினனான் அக்கா."

"ஏன்?"

"ஃபோகஸ் இல்ல. உங்கட கை நடுங்கினது. அந்த லென்ஸில ஒரு மயிரளவு ஆடினாலும் கண்ணில ஃபோகஸ் போயிடும்."

"நூற்றி ஐம்பத்திரண்டிலயுமோ?"

"ஓம்."

"திரையில எனக்கு வடிவாத்தானே தெரிஞ்சது?"

"அது சின்னத் திரை அக்கா."

"அப்ப ஏன் அண்டைக்கே என்னட்டச் சொல்லேல்ல?"

அவர் மேசை விளிம்பைத் தடவினார். "எப்பிடிச் சொல்லுறது?"

"எல்லாத்தையும் நீர் வடிவாப் பாத்தனீரோ? ஒண்டுகூட நல்லா இல்லையோ?" அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். முந்திய பதிலோடு இடறுகிறாரா என்று பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"அக்கா," என்றார், "பதின்மூண்டு வருசமா விசா விசாரணையிலயும் இப்பிடித்தான் என்னைக் கேக்கினம். ஒரே கேள்விய நாலு விதமா. நான் ஒரே பதிலச் சொன்னா, பாடமாக்கி வந்திருக்கிறன் எண்டினம். மாத்திச் சொன்னா, பொய் எண்டினம். நீங்கள் எது வேணுமெண்டு சொல்லுங்கோ."

பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். "நான் ஒண்டையும் அழிக்கேல்ல. எல்லாம் இதில கிடக்கு. பாருங்கோ. சனிக்கிழமை வாறன்."

6

முடிவு, முதலாவது: திறந்து பார்க்கிறேன். படங்கள் துல்லியமாக இருக்கின்றன. அவர் என்னை ஓரங்கட்டப் பார்த்தவர். என் கைக்கு ஒன்றும் இல்லை.

முடிவு, இரண்டாவது: திறந்து பார்க்கிறேன். நூற்று ஐம்பத்திரண்டிலும் வினுஷாவின் கண் கலங்கிக் கிடக்கிறது. அவர் என்னை மற்றவர்களின் கண்ணிலிருந்து காப்பாற்றியவர். என் கை முடிந்துவிட்டது.

இவற்றில் முதலாவதை நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மழை, கேதீஸின் தலைகுனிவு, என் பெருந்தன்மை எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவது மூன்று வரிக்கு மேல் வரவேயில்லை. பக்கங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது: என் தோள் நலமாக இருப்பதற்கு ஒரு மனிதன் பொய்யனாக இருந்தாக வேண்டும். நான் அதற்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. டிஸ்க்கைக் கணினியில் செருகியிருக்கிறேன். திறந்தால் ஒரு நிமிட வேலை. நாளை காலை எட்டு மணிக்கு அவர் வந்து, எந்த லென்ஸைப் பையில் வைப்பதென்று கேட்பார்.

நீங்களே திறந்து பாருங்கள், வாசகரே. திறப்பதற்கு முன், உள்ளே என்ன இருக்க வேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்று மட்டும் உங்களை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் கை அந்தப் பக்கம் போகவில்லை.